ரங்கநாதன் விதியும் குழந்தைகள் மருத்துவமனையும்

நூலகத்திலோ மன்றத்திலோ மாற்றம் கொண்டுவர முறை உண்டு: தேவை ஆய்வு, கால அட்டவணை, இடர்ப் பட்டியல். ராஜபாளையத்தில் பி. எஸ். குமாரசாமி ராஜாவுக்கு இதெல்லாம் தெரியாது போலும். சென்னை மாகாண முதல்வராக இருந்தவர், சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். கோப்பு நகர வழியே இல்லை!

திட்டம் என்றால் சென்னைதான். 2010 செப்டம்பரில் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தது, 9 தளங்களோடு. 2011 நவம்பரில், ஆட்சி மாறிய பிறகு, அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கும் அறிவிப்பு வந்தது. எத்தனை சிக்கனம்! நோயாளிக்கு வேண்டிய அமைதி அங்கே ஏற்கெனவே தயார். பலகைகூடப் புதிதாக எழுத வேண்டாம். நூலகம் வளரும் உயிர் என்று நூலக அறிவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-லேயே விதி வகுத்தார். உயிர் என்றால் வைத்தியம் வேண்டாமா?

2012-ல் அங்குள்ள அரங்கம் திருமண நிகழ்ச்சிக்கும் போனது. வருகையாளர் எண்ணிக்கையை உயர்த்தப் பந்தியைவிட நல்ல வழி எந்த மேலாண்மைப் புத்தகத்தில் இருக்கிறது?

எல்லா இடரையும் கணக்கிட்டவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள்: நூலகத்துக்கு வருகிறவர்களுக்குப் படிக்கத் தெரியும். அறிவிப்பைப் படித்தார்கள், வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

நூலகம் இன்னும் கோட்டூர்புரத்தில்தான் இருக்கிறது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரர்கள், சென்னை போனால் ஒரு நடை ஏறிப் பாருங்கள். மாத்திரைச் சீட்டு வேண்டாம்.