தரைக் கல்லும் தரமும்

முதியோர் இல்லத்தின் தரத்தை அளக்க, சென்னைப் புறநகரில் சேலையூர் முதல் வண்டலூர் வரை புழக்கத்தில் உள்ள முதல் அளவுகோல் தரைக் கல். கிரானைட் என்றால் பராமரிப்பு நன்று. மொசைக் என்றால், "இன்னொரு இடமும் பார்த்துடலாம்". அடுத்தது வைஃபை, அது பெரும்பாலும் பார்க்க வருகிற மகனுக்கு. விளம்பரத்தில் வரும் ஏரிக் காற்றுக்கும் மதிப்பெண் உண்டு. 2015 டிசம்பரில் முடிச்சூர் வீடுகளுக்குள் வெள்ளமே வந்த கதை மதிப்பீட்டில் சேராது.

முதியோரைப் பராமரிக்கச் சட்டமும் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஏழை முதியோருக்கு இடமளிக்கும்படி, அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். பெற்றோரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல இல்லத்தின் மாதக் கட்டணத்தைப் பார்த்தால் அபராதம் மலிவு.

படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு முறையாவது புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்புக்குக் கீழே புண் வைக்கும். அதைப் பார்க்கப் போர்வையை விலக்க வேண்டும்; விலக்குவது மரியாதையில்லை என்று வருகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர்ச் சொம்பு கைக்கு எட்டுகிறதா, கால் நகம் எப்போது வெட்டியது, நள்ளிரவில் மணி அடித்தால் யார் வருகிறார் என்பதற்கெல்லாம் விளம்பரத் தாளில் கட்டம் கிடையாது.

சொல்லிவிட்டு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்கள் பவுடர் பூசி, சலவைச் சட்டையோடு வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர் செல்ஃபி எடுத்து, ஐந்து நட்சத்திரம் போட்டு, ஜிஎஸ்டி சாலையில் நெரிசல் தொடங்குமுன் கிளம்பிவிடுவார்.