ஐம்பது ரூபாய் அனுப்பியிருக்கிறேன்

அனுப்புநர்:
கறிக்கோழி வளர்ப்பவன் ஒருவன்,
கச்சிராயபாளையம் பக்கம்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
இந்திய விலங்குகள் நல வாரியம்,
பல்லப்கர், ஹரியானா.

பொருள்: கோழியை அணைத்துக்கொள்ள ஒரு நாள் ஒதுக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. பிப்ரவரி 14 அன்று பசுவை அணைத்துக்கொள்ளும்படி தாங்கள் 6.2.2023 அன்று விடுத்த வேண்டுகோள். 2. அதைத் தாங்களே 10.2.2023 அன்று திரும்பப் பெற்ற அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்தக் கடிதத்தை முதலில் சென்னைக்குத்தான் எழுதி வைத்திருந்தேன். ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் போராடி, 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்து, 1962-இல் தங்கள் வாரியம் அமைந்து, அம்மையாரே முதல் தலைவராக இருந்த இடம் அது. 2018-இல் வாரியம் ஹரியானாவுக்குக் குடிபோய்விட்டது என்று தபால் அலுவலகத்தில்தான் சொன்னார்கள். சென்னை என்றால் இரவு பஸ் பிடித்து, காலையில் மனுவோடு வாசலில் நின்றிருப்பேன். பல்லப்கருக்கு வந்து போகும் நாளில் என் ஷெட்டில் பாதிக் கோழி போய்ச் சேர்ந்துவிடும்.

தமிழ்நாடு தங்களுக்குப் புதிதல்ல. எங்கள் ஜல்லிக்கட்டுக் காளைகளுக்காக உச்ச நீதிமன்றம் வரை போனீர்கள். 2014 மே மாதம் வழக்கில் வென்றீர்கள். 2017-இல் மெரினா நிரம்பியது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. வாடிவாசலை விட்டு வந்த காளை கூட்டத்தைக் கடந்து போக ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடத்துக்கு ஆண்டுக்கணக்கில் உழைத்தீர்கள். என்னிடம் ஐயாயிரம் பேர் இருக்கிறார்கள், தலைக்கு நாற்பது நாள். அதனால்தான் உரிமையோடு எழுதுகிறேன்.

என் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபதடி அகலம், இருநூற்றைம்பதடி நீளம், ஐயாயிரம் கோழி. ஒன்றுக்கு ஒரு சதுர அடி. வீட்டுத் தரைக்குப் பதிக்கிறோமே ஓரடி டைல்ஸ், அதில் ஒரு கல். குஞ்சாக வரும்போது அந்தக் கல் அதற்கு மைதானம். முப்பதாம் நாள் தாண்டினால், மேலே நின்று பார்க்கிறவனுக்குத் தரை தெரியாது, ஷெட்டு முழுக்க வெள்ளை விரித்திருக்கும். இரவிலும் விளக்கு எரியும். இருட்டினால் தூங்கிவிடும், தூங்கினால் தின்னாது, தின்னாவிட்டால் எடை ஏறாது. தூக்கம் கம்பெனிக்கு நட்டம்.

‘கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா’ என்று எங்கள் பக்கம் கேட்பார்கள். என் ஷெட்டில் சாகாது, மிதிக்கத் தாய்க்கோழி கிடையாது. பொரிப்பகத்தில் இயந்திரம் பொரித்து, பெட்டியில் அடைத்து, வேனில் வந்து இறங்கிய குஞ்சுகள் அவை. இடி இடித்தாலோ நாய் குரைத்தாலோ மூலையில் போய்க் குவியும். அப்போது குஞ்சு மிதித்தே குஞ்சு சாகும். பழமொழியைத் திருத்தும் அதிகாரம் எந்தத் துறைக்கு உண்டு என்று தெரியவில்லை.

ஐயா, இவை என்ன வயதில் என்ன கனம் ஏறுகின்றன என்பதைத் தாங்கள் ஒருமுறை கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். நாற்பது கிராம் குஞ்சு, நாற்பதாவது நாள் இரண்டு கிலோவுக்கு மேல். அமெரிக்காவில் 1948-இல் ‘நாளைய கோழி’ என்று பெயர் வைத்து ஒரு போட்டியே நடத்தினார்களாம், யார் கோழிக்கு நெஞ்சுக்கறி அதிகம் என்று. அந்த நாளை வந்துவிட்டது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957-ஆம் ஆண்டுக் கோழி இனத்தையும் 2005-ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். ஐம்பத்தாறாம் நாள் பழையது 905 கிராம், புதியது 4,202 கிராம். காலெலும்பு மட்டும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பிரிட்டனில் 51,000 கோழிகளை நடக்கவிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2008-இல் வந்தது. நாற்பது நாள் வயதில் நூற்றுக்கு இருபத்தேழுக்கு மேல் நடை சரியில்லை. நடக்கவிட்டுப் பார்க்க என் ஷெட்டில் இடம் இல்லாததால் எங்கள் ஊர்க் கணக்கைத் தர முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தீவனத்தட்டுக்கு நகர்வதை வேண்டுமானால் காட்டலாம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்றும் பழகவில்லை. லாரி ஏற்றும் இரவில் ஆட்கள் கைக்கு நாலைந்தாகக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி வருவார்கள். அப்போது கத்தும். இரண்டு கிலோ உடம்பிலிருந்து வருவது குஞ்சுக் குரல், கீச் கீச் என்று. சேவலாக இருந்தாலும் கூவத் தெரியாது, கூவும் வயதை அவை பார்ப்பதில்லை. பதினோரு ஆண்டு கோழி வளர்க்கிறேன். என் ஷெட்டில் இதுவரை ஒரு சேவல் கூவிப் பொழுது விடிந்ததில்லை.

பிப்ரவரி 14 வேண்டாம் என்று நான் கேட்பதற்கும் இதுதான் காரணம். புத்தாண்டன்று இறக்கும் குஞ்சு பிப்ரவரி 10 வாக்கில் லாரி ஏறிவிடும். தாங்கள் பசு வேண்டுகோளைத் திரும்பப் பெற்ற அதே தேதி என்பதைக் கவனித்திருப்பீர்கள். பசுவுக்கு அடுத்த பிப்ரவரி உண்டு, கோழிக்கு இல்லை. ஆகவே நாற்பது நாளுக்கு ஒருமுறை அணைப்பு நாள் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கோழி விலங்குதானா என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது குறிப்பு எழுதக்கூடும். 2023-இல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் அந்தக் கேள்வி வந்தே விட்டது. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதில் இருக்கிறது: மனிதரைத் தவிர்த்த எந்த உயிரும் விலங்கு. 2001-ஆம் ஆண்டு விதியோ, இறைச்சிக்கூடத்தில் ஒரு விலங்கின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக்கூடாது என்கிறது. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை வந்து பாருங்கள். கூண்டுக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு முழம். கூண்டிலிருப்பவை கண்ணை மூடிக்கொள்ளும் என்று விதி எழுதியவர்கள் நம்பியிருக்க வேண்டும்.

இனி என் சுயநலம். கம்பெனியின் பெயரை எழுதமாட்டேன். அடுத்த பேட்ச் குஞ்சு அவர்கள்தான் இறக்க வேண்டும். ஏற்பாடு இதுதான்: குஞ்சும் தீவனமும் மருந்தும் அவர்களுடையது. நிலமும் ஷெட்டும் கரண்டும் தண்ணீரும் தேங்காய் மஞ்சும் ஆள்கூலியும் பேங்க் கடனும் என்னுடையது. கோழி உயிரோடு இருந்தால் அவர்களுடையது, செத்தால் என்னுடையது. வளர்ப்புக் கூலி கிலோவுக்கு ஆறரை ரூபாய். பல்லடத்தில் தினமும் பண்ணை விலை அறிவிப்பார்கள். அது ஏறும், இறங்கும். என் ஆறரை ஏறாது. சில பேட்சில் தீவனக் கணக்கில் உதைத்தால் ஆறரையே ஆறாகும். இருபது ரூபாய் கேட்டு வளர்ப்பவர்கள் போராடினார்கள். நான் முன்வரிசையில் நிற்கவில்லை. முன்வரிசையில் நிற்பவனுக்குக் குஞ்சு இறங்காது.

ஷெட்டில் தங்கி வேலை பார்ப்பது மலையிலிருந்து இறங்கிய தம்பதி. கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்கள் கையிலிருந்து 1976-இல்தான் அரசின் கீழ் வந்தது. அதுவரை அங்கே கூலியில்லா வேலை வழக்கமாயிருந்தது. அந்த மலைக்காரர் ஒருநாள் என் கணக்கு நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்க தாத்தா ஜாகிர்தாருக்குச் சும்மா ஏர் ஓட்டுனாரு. உனக்கு ஆறரை ரூபாயாவது தர்றாங்களேண்ணா.” எனக்கு ஆறுதல் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.

போன மாதம் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனேன். குளிர்பெட்டியில் தட்டில் வைத்துத் தாள் சுற்றிய கோழி. அட்டையில் சிவப்புக் கொண்டைச் சேவல், பச்சைப் புல், பின்னால் நீல மலை. அச்சாக எங்கள் கல்வராயன் மலை! என் ஷெட்டுக்கு நேர் மேற்கே அதுதான் நிற்கிறது. மேற்கு வெயில் அடிக்கிறதென்று அந்தப் பக்கம் முழுக்க நனைத்த சாக்கு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஆக மலை இருக்கிறது, கோழியும் இருக்கிறது, நடுவில் சாக்கு. அட்டையில் சாக்கு மட்டும் அச்சாகவில்லை. விலைச்சீட்டில் மூன்று இலக்கம். அதில் என் ஆறரையைத் தேடினேன். காகிதத் தட்டின் விலைக்குள் எங்கேயோ இருக்கும்.

மலிவாக விற்கக் கூடாது என்பதற்காக நான் இதை எழுதவில்லை. மலிவாக இருப்பதால்தான் அந்த மலைத் தம்பதி வீட்டிலும் வாரம் ஒருநாள் கறிக்குழம்பு கொதிக்கிறது. அதில் மண் போட எனக்கு மனசில்லை. ஆனால் 2024 ஜூனில் கருணாபுரம் பக்கம் மலிவு விலைப் பாக்கெட் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேல் செத்துப்போன ஊர் எங்களுடையது. அதற்குப் பிறகு மலிவு என்று எங்கு பலகை பார்த்தாலும், மீதியை யார் கட்டுகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

கோழித் தீவனத்துக்கு விளைவிக்கும் சின்னசேலம் பக்கத்து மக்காச்சோளக்காரர் கட்டியிருக்கிறார். 2018-இல் படைப்புழு இறங்கியபோது தின்றது அவர் காட்டை, அதோடு மருந்துக் கடனும் ஏறியது. என் ஷெட்டைச் சுற்றியிருக்கும் வீடுகள் ஈயாகவும் நாற்றமாகவும் கட்டுகின்றன. மருந்து விஷயம் தனி. தண்ணீரில் கலக்கச் சொல்லி சூப்பர்வைசர் ஒரு பொடி கொடுப்பார். என்ன பொடி என்று கேட்டால் “வைட்டமின்ணா” என்பார். டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் எழுபது கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தது, நூற்றுக்கு நாற்பதில் ஆன்டிபயாடிக் எச்சம். மனிதனுக்கு வேறெதுவும் கேட்காதபோது டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் கொலிஸ்டினைக் கோழிக்குக் கொடுக்காதே என்று அரசு சொன்னது 2019-இல். கடைசி மருந்தை முதலில் தின்றவை கோழிகள்தாம். அந்தப் பில் எந்த ஆஸ்பத்திரியில், யார் பெயருக்கு வரும் என்று விலைச்சீட்டில் போடவில்லை.

வெள்ளிமலையில் ஒரு பாட்டியிடம் கோழி வாங்கப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் எங்கள் ஷெட்டுக் கோழியைச் சமைப்பதில்லை. என் மனைவி அதைப் பற்றிப் பேசவும் விடமாட்டாள். பாட்டியிடம் சிறுவிடை ஏழெட்டு இருந்தன. ராத்திரி மரத்தில் ஏறிக்கொள்ளுமாம். ஒரு பெட்டை மூன்று வாரம் காணாமல் போய், நரிதான் கொண்டுபோனது என்று இவர் நினைத்திருக்க, புதரிலிருந்து ஒன்பது குஞ்சோடு வந்து நின்றதாம். அதைக் கேட்டேன். தரமாட்டேன் என்றார். இருமடங்கு தருகிறேன் என்றேன். “குஞ்சு வச்சிருக்குதே சாமி” என்றார், நான் காது கேளாதவன் என்பதுபோல. விலைக்கு வராத கோழியை அன்றுதான் பார்த்தேன்.

ஐயா, சட்ட ஆணையம் 2017 ஜூலையில் 269-ஆவது அறிக்கையாக முட்டைக் கோழிக்கும் கறிக்கோழிக்கும் விதி எழுதியே கொடுத்தது. அது என் ஷெட்டு வாசலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. தங்கள் வாரியம் இப்போது கால்நடை பராமரிப்பு அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. இறைச்சி உற்பத்தியைப் பெருக்குவதும் அதே அமைச்சகம்தான். கோழிக்கு நரி காவல் என்று சொல்லுமளவுக்கு நான் வளரவில்லை. ஒரே கட்டடத்தில் இரண்டு கோப்பும் இருந்தால் தபால் செலவு மிச்சம் என்றே எடுத்துக்கொள்கிறேன். விதி வந்து கோழிக்கு இடம் கூடினால், என் ஷெட்டில் கோழி குறையும். ஆறரை ரூபாய் அப்போதும் ஆறரையாகவே இருந்தால் விதிக்கான செலவும் என் தலையில்தான் விழும். அதையும் யாராவது கோப்பில் எழுதி வையுங்கள்.

வதைத்தால் என்ன தண்டனை என்று சட்டத்தின் 11-ஆம் பிரிவை ஒரு வக்கீலிடம் படிக்கச் சொன்னேன். முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல் அபராதம். அந்தக் காலத்தில் வைத்த விலை. நாட்டில் இன்னும் ஏறாதது அதுவும் என் கூலியும். நீதிமன்றம்தான் விதிக்க வேண்டும் என்று வக்கீல் சொன்னார். அலைவதற்கு நேரமில்லை, கோழிகளுக்கு இருபத்தெட்டாம் நாள் நடக்கிறது. ஆகவே குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐம்பது ரூபாயை மணியார்டரில் அனுப்பியிருக்கிறேன். ஐயாயிரம் கோழிக்குப் பங்கு போட்டால் தலைக்கு ஒரு பைசா. ரசீது அனுப்பினால் செலவுக் கணக்கில் ஒட்டி வைத்துக்கொள்வேன்.

பத்து ரூபாயே போதும் என்று வாரியம் கருதினால் மீதி நாற்பதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அது எனக்கு ஆறு கிலோ கோழி வளர்த்த கூலி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கறிக்கோழி வளர்ப்பவன்.

இணைப்பு: சூப்பர் மார்க்கெட் அட்டை ஒன்று (மலைப் படத்துடன்). சாக்குத் துண்டு ஒன்று.