சாமிக்கு வசனம் எழுதப் போறியாக்கும்

பேராண்டி, நீ சொன்ன சினிமாக் கதையைத் திண்ணையில படுத்தபடியே கேட்டேன். கடவுள் இல்லேன்னு திரியுற டாக்டர், அம்மன் கோயில் மணி தானா அடிக்கவும் திருநீறு பூசிக்கிட்டு உருகுறான். பேஷ்! தானா அடிக்கிற மணிக்குக் கயிறு இழுக்க ஆள் பிடிச்சிட்டியா? சம்பளத்தை முன்னாடியே பேசிக்க.

1952-ல 'பராசக்தி'யில கலைஞர் எழுதுனதைச் சிவாஜி கோர்ட்டுல நின்னு பொரிஞ்சு தள்ளுனாரு. அவரு அடிச்சதும் பூசாரியைத்தான், சாமியை இல்ல. அதே சிவாஜி 1965-ல 'திருவிளையாடல்'ல சிவபெருமானாவே வந்து நின்னாரு. ரெண்டுக்கும் விசிலடிச்சது ஒரே வாய்தாண்டா!

ஏன்? ரெண்டுலயும் சண்டை இருந்துச்சு. 'திருவிளையாடல்' பக்திப் படந்தான்; ஆனா சனங்க இன்னிக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது தருமியை. ஆயிரம் பொன்னுக்கு ஆசை, பாட்டு எழுத வரல. கோயில்ல தனியா நின்னு நாகேஷ் புலம்புவாரே, அதுல சாமியோட வழக்கும் இருக்கு, தன்னையே வையுறதும் இருக்கு, ஊடால பொன் கணக்கும் ஓடுது. அது பக்தியா, சந்தேகமா? பிரிக்க முடிஞ்சா பிரி. எதிர்ல நிக்கிறது ஈசன்னு தெரிஞ்சும் பிழை பிழைதான்னு அடம்பிடிக்கிற நக்கீரர் வேஷத்தை டைரக்டர் ஏ.பி. நாகராஜனே எடுத்துக்கிட்டாரு. விவரமான மனுசன்.

உன் கதையில சாமியும் பேசல, டாக்டரும் பேசல. மணி மட்டும் பேசுது.

உன் டாக்டருக்கு ஒரு பாய் சிநேகிதன் வேற! ஹீரோவுக்கு வந்த குண்டை வாங்கிக்கிட்டு இடைவேளைக்குள்ள சாகிறாரு. அவருக்குக் கடன் இருக்காதா, பொண்டாட்டியோட வாக்குவாதம் இருக்காதா, விடியத் தொழுகைக்கு எந்திரிக்கச் சோம்பல் வராதா? மனுசனுக்குள்ளயும் சண்டை இருக்கணும்டா. 1987-ல பாரதிராஜா 'வேதம் புதிது' எடுத்தாரு. சாமி இல்லேங்கிற பாலுத்தேவருக்கும் பேருக்குப் பின்னால சாதி ஒட்டிக்கிட்டிருந்துச்சு. ஒரு ஐயர் வீட்டுப் பொடியன் அதைப் பத்திக் கேட்ட கேள்வியில சத்யராஜ் முகம் போன போக்கை இன்னொரு தடவை பாரு. மணியும் அடிக்கல, குண்டும் வெடிக்கல.

ஆரம்பத்துல 'யார் மனதையும் புண்படுத்த அல்ல'ன்னு கார்டு போடுவீங்களே, உனக்கு அது தண்டச் செலவு. புண்படுற மாதிரி நீ ஒண்ணும் எழுதல.

படம் ஓடணும்னு கருப்பனுக்குச் சேவல் நேர்ந்துக்கிறேன். வயக்காட்டுப் பத்திரத்தை மட்டும் கேட்டுராத. உன் படத்து விசயத்துல தாத்தன் சுத்த நாத்திகன்.