தோத்தவன் சொன்னா ஆச்சா?

ஏலே பேராண்டி, இங்கன வா. அந்தச் செல்போனைக் கொஞ்சம் கீழ வையி. "தோல்வியை ஒப்புக்கொண்டார்"னு ஒரு வரி ஓடினதும் தேர்தலே முடிஞ்சுட்டுன்னு குதிக்கே. ஒப்புக்கிடலன்னா இன்னும் முடியலன்னு நகத்தைக் கடிக்கே. தோத்தவன் வாயிலயாலே முடிவு இருக்கு?

அமெரிக்காக்காரன் அரசியல் சாசனத்தை அட்டை முதல் அட்டை வரைக்கும் புரட்டிப் பாரு. தோத்தவரு செயிச்சவரைக் கூப்பிட்டு வாழ்த்தணும்னு ஒரு வரி கிடையாது. 1896 அதிபர் தேர்தல்ல வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்னு ஒருத்தரு தோத்தாரு. செயிச்ச மெக்கின்லிக்கு ஒரு தந்தி அடிச்சாரு. மரியாதை தெரிஞ்ச மனுசன். அப்படியே வழக்கமாயிட்டு. பெறவு தந்தி போய் போன் வந்துது, டி.வி. பேச்சு வந்துது. மாப்பிள்ளை வீட்டுக்காரன் வெத்தலையை மென்னுக்கிட்டே "எங்களுக்குச் சம்மதம்"னு சொல்லிட்டா தாலி கட்டுனதா ஆயிருமா?

2000-த்துல அதிபர் தேர்தல்ல நடந்த கூத்தைக் கேளு. அல் கோருக்கும் புஷ்ஷுக்கும் போட்டி. நவம்பர் 7 ராத்திரி. டி.வி.க்காரன் முதல்ல புளோரிடா அல் கோருக்குன்னான். கொஞ்ச நேரத்துல இல்லன்னான். சாமம் ரெண்டு மணி தாண்டுனதும் புஷ்ஷுக்குன்னான். கோரும் நம்பிட்டாரு. புஷ்ஷுக்குப் போனைப் போட்டு வாழ்த்தியாச்சு. நாஷ்வில் ஊருல மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிற சனத்துக்கிட்டச் சொல்லிருவோம்னு கார்ல கிளம்பியும் போயாச்சு. அதுக்குள்ள ஓட்டு வித்தியாசம் தேஞ்சுக்கிட்டே போகுது. கூட இருந்த ஆளுக மறிச்சுட்டாங்க. மறுபடியும் புஷ்ஷுக்குப் போன். முன்ன சொன்னதை வாபஸ் வாங்கிக்கிடுதேன்னாரு.

புஷ்ஷுக்கு எப்படி இருக்கும்? புளோரிடா எனக்குத்தான்னு என் தம்பியே சொல்லுதானேன்னாராம். தம்பி ஜெப் புஷ்தான் அந்த மாநிலத்துக்கு கவர்னர். உங்க தம்பி சொல்லுதது கடைசி முடிவு இல்லன்னு கோரு வெடுக்குன்னு சொன்னாராம். ராசா மாதிரி ரெண்டு பேரு, நடுச்சாமத்துல சின்னப்பிள்ளைக கணக்கா!

ஆனா கோரு சொன்னது நூத்துக்கு நூறு. தம்பி சொல்லும் செல்லாது, இவரு போட்ட முதப் போனும் செல்லாது. ஓட்டுச் சீட்டுல குத்துன துளை முழுசா விழுந்துருக்கா, பாதி தொங்குதான்னு பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தானுக. நவம்பர் 26-ல 537 ஓட்டு கூடன்னு புஷ்ஷைச் சொல்லி மாநிலம் கையெழுத்துப் போட்டுது. டிசம்பர் 12-ல உச்ச நீதிமன்றம் 5-க்கு 4-ன்னு மறு எண்ணிக்கையை நிப்பாட்டுச்சு. மறுநாள்தான் கோரு ரெண்டாந்தரம் வாழ்த்துனாரு. இந்தத் தடவை திரும்பக் கூப்பிட மாட்டேன்னு கேலி வேற.

அத்தோட முடிஞ்சுட்டுன்னு நினைக்கியா? அதான் இல்ல. 2001 சனவரி 6-ல காங்கிரஸ்ங்கிற அவங்க நாடாளுமன்றம் கூடி, மாநிலங்க அனுப்புன தேர்வாளர் ஓட்டை எண்ணணும். அந்தச் சபைக்குத் தலைவரு யாரு? துணை அதிபர். அப்பத் துணை அதிபர் யாரு? நம்ம கோருதான்! அவரு கட்சிக்காரங்களே எந்திரிச்சு ஆட்சேபணை சொல்லுதாங்க. செனட்டர் கையெழுத்து இல்ல, உக்காருங்கன்னு ஒவ்வொருத்தரா அமத்துனதும் இவருதான். புஷ்ஷுக்கு 271, தனக்கு 266-ன்னு தன் வாயாலயே வாசிச்சாரு. அன்னைக்குத்தாம்லே அந்தத் தேர்தல் முடிஞ்சுது.

டிரம்ப் இதுக்கு நேர்மாறு. 2020-ல பைடன்கிட்டத் தோத்தும் ஒப்புக்கிடவே மாட்டேன்னு நின்னாரு. காங்கிரஸ் எண்ணுத அன்னைக்கு அவரு ஆளுக கும்பலா நாடாளுமன்றத்துக்குள்ள புகுந்து அடிச்சு நொறுக்குனாங்க. அதுக்காக எண்ணிக்கை மாறுச்சா? விடியுமுன்ன பைடனுக்கு 306, டிரம்புக்கு 232-ன்னு எண்ணி முடிச்சாச்சு. 2021 சனவரி 20-ல பைடன் பதவி ஏத்தாச்சு.

எனக்குப் பிடிச்சது ஆப்பிரிக்காவுல காம்பியா நாட்டுக்காரன்தான். அங்க ஓட்டுன்னா கோலிக்குண்டு. ஆளுக்கொரு நிறத்துல டிரம்மு, மேல ஒரு துளை. குண்டைப் போட்டா உள்ள மணி அடிக்கும். ரெண்டு மணி கேட்டா ரெண்டு ஓட்டுப் போட்ட களவாணிப்பய மாட்டுனான்! 2016 டிசம்பர்ல 22 வருசமா ஆண்ட யாஹ்யா ஜாமே தோத்தாரு. செயிச்ச அடாமா பாரோவுக்கு டி.வி. பாக்கச் சிரிச்சுக்கிட்டே போன் போட்டு வாழ்த்துனாரு. ஊரே ஆடுச்சு. தேர்தல் ஆணையம் பெறவு கணக்கைத் திருத்துச்சு. வித்தியாசம் குறைஞ்சுது, ஆளு மாறல. அதைச் சாக்கா வச்சு, ஒரே வாரத்துல மனுசன் பல்டி அடிச்சுட்டாரு. பாரோ பக்கத்து நாட்டுல, டாக்கர் ஊருல இருந்த காம்பியாத் தூதரகத்துல வச்சுப் பதவி ஏத்தாரு. அக்கம்பக்கத்து நாட்டுப் பட்டாளம் எல்லை தாண்டுனப்பறம்தான் ஜாமே விமானம் ஏறுனாரு.

அதுக்காக அந்தப் போன் தண்டம்னு சொல்லமாட்டேன். தோத்தவரு நல்ல வார்த்தை சொன்னா அவரு ஆளுக வீட்டுக்குப் போயிருவாங்க, மண்டை உடையாது. பெரிய சோலிதான் அது. ஆனா எண்ணுத சோலி வேற ஆளோடது.

2028 நவம்பர்ல அமெரிக்காவுல அடுத்த அதிபர் தேர்தல். அன்னைக்கு ராத்திரி யாரு யாருக்குப் போன் போட்டாலும் என்னைய எழுப்பாத. சனவரியில காங்கிரஸ் எண்ணி முடிக்கட்டும். மறுநாக் காலையில காப்பியோட வந்து சொல்லு, போதும்.