திரையைப் பார்த்துக் கைதட்டிய ஊர்

1995 மார்ச்சில் மணிரத்னத்தின் ‘பம்பாய்’ வெளியானபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தவர் என் அக்காவின் கணவர். கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். அன்று மதியத்தோடு பட்டறையை மூடிவிட்டு, வேலை செய்யும் பையன்களையும் சேர்த்தே கூட்டி வந்தார். அவர்களில் உக்கடத்து முஸ்லிம் பையன்களும் உண்டு. இந்துப் பையன் சேகரை நம்பி முஸ்லிம் பெண் ஷைலாபானு தனியாக ரயிலேறி பம்பாய் வந்து இறங்கியதும் அரங்கமே விசிலடித்தது. மாமாவும் அடித்தார். பிள்ளைகளின் காதலுக்குக் குறுக்கே நிற்கும் இரண்டு அப்பன்களையும் அவர் திட்டிய சத்தம் அடுத்த வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த அப்பன்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்துத் தகப்பன் நாராயண பிள்ளையாக நடித்தவர் நாசர். முஸ்லிம் தகப்பன் பஷீராக நடித்தவர் கிட்டி. நிஜத்தில் இருவரும் பிறந்த மதங்கள் நேர்மாறானவை. நெற்றியையும் தொப்பியையும் மாற்றிவிட்டால் ஆள் மாறிவிடுகிறான் என்பதை வசனமே இல்லாமல் சொன்ன ஏற்பாடு அது. படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இன்றைக்கும் அதுதான். கலவரத்தில் தொலைந்துபோன பிள்ளைக்கு அடைக்கலம் தருபவர் ஒரு திருநங்கை. அவர் திரைக்கு வந்தபோது எங்கள் அரங்கில் பழக்கதோஷத்தில் சிரித்தார்கள். பிள்ளையை அணைத்துக்கொண்டதும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

படம் வருவதற்கே பெரும்பாடு பட்டது. தணிக்கையில் வெட்டு, வெளியிடும் முன் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரேக்குப் போட்டுக் காட்டியது, பல ஊர்களில் எதிர்ப்பு. அந்த ஜூலையில் சென்னையில் மணிரத்னத்தின் வீட்டில் குண்டு வீசினார்கள், அவர் காயமடைந்தார். பிறகு அந்தப் படத்துக்கே தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது கிடைத்தது.

குறையே இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய்க் கலவரங்களில் இறந்தவர்கள் 900 பேர் என்றும், அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள் என்றும் அவற்றை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998இல் எழுதியது. படமோ இரண்டு பக்கத்தையும் சமமாக நிறுத்திவிட்டுக் கடைசியில் மனிதச் சங்கிலியில் கொண்டுபோய் முடித்தது. ஆனாலும் அந்தச் சங்கிலியைப் பார்த்துக் கைதட்டிய கூட்டம் நிஜமாகவே கைதட்டியது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

‘இதெல்லாம் வடக்கேதான்’ என்று பேசிக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தோம். 1997 நவம்பர் கடைசியில் எங்கள் ஊரில் ஒரு காவலர் குத்திக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று வெடித்த தொடர் குண்டுகளில் 58 பேர் மாண்டார்கள். முஸ்லிம்கள் அதிகம் வாழும் கோட்டைமேட்டைச் சுற்றிலும் போலீஸ் சோதனைச் சாவடிகள் வந்தன. அந்தப் பக்கம் வர ஆட்டோக்காரர்கள் யோசித்தார்கள். மாமாவின் பட்டறைக்கு உக்கடத்துப் பையன்கள் வருவது நின்றது. அவராக நிறுத்தவில்லை, அவர்களாகவும் நிற்கவில்லை. யாரும் எதுவும் பேசாமலே நடந்தது அது. ஊர் இரண்டாகப் பிளப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

இப்போது மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருடைய மகள் சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்யும் முஸ்லிம் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள். நான் மாமாவிடம் பேசப் போனேன். படத்தை நினைவுபடுத்தினேன்.

“மாப்ள, அந்தப் படத்துல பையன் நம்மாளு. இங்க பொண்ணு நம்மளது” என்றார்.

எனக்கு நெஞ்சில் அடித்ததுபோல் இருந்தது. அன்று அரங்கில் விசிலடித்தவர்களில் எத்தனை பேர் அந்த ஒரு கணக்கை வைத்து அடித்தார்களோ! சேகர் முஸ்லிமாகவும் ஷைலா இந்துவாகவும் இருந்திருந்தால் படம் அந்த விசிலைக் கேட்டிருக்குமா? கேட்டிருக்காது என்றே நினைக்கிறேன். 2020இல், முஸ்லிம் வீட்டுக்கு வாழ வந்த இந்து மருமகளுக்கு மாமியார் வளைகாப்பு நடத்துவதைக் காட்டிய தனிஷ்க் நகை விளம்பரத்தையே எதிர்ப்பினால் திரும்பப் பெற்றார்கள். ஒரு நிமிடம்கூட ஓடாத விளம்பரம் அது.

பெண்ணும் பையனும் மதம் மாறவில்லை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி ரிஜிஸ்டர் ஆபீஸில் மனு கொடுத்தார்கள். இருவர் பெயரும் முகவரியும் அறிவிப்புப் பலகைக்கு வந்தன. முப்பது நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம் என்பது சட்டம். ஒரே மதத்தில், தங்கள் மதத்துக்கான திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளும் ஜோடிக்கு இந்த முப்பது நாள் கிடையாது. மிரட்ட நினைப்பவனுக்கு முகவரியையும் கொடுத்து, அவகாசத்தையும் கொடுக்கும் ஏற்பாடு இது, எடுத்தெறியப்பட வேண்டியது. அந்த நாட்களில் அக்கா ஒரு இரவும் சரியாகத் தூங்கவில்லை. யாராவது வாசல் கதவைத் தட்டினாலே எழுந்துவிடுவாள்.

கல்யாணத்துக்கு மாமா வரவில்லை. அக்கா வந்தாள். பையனின் வாப்பாவும் உம்மாவும் வந்தார்கள். நான் ஒரு சாட்சி. முன்பு மாமாவின் பட்டறையில் வேலை பார்த்து, இப்போது உக்கடத்தில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரும் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது ஆளுக்குத்தான் அலைந்தோம். சொந்தத்தில் பலரைக் கேட்டோம். எல்லோருமே அந்தப் படத்தைப் பார்த்தவர்கள். ஒருவருக்கும் அன்றைக்கு நேரமில்லை. கடைசியில் அவளுடைய அலுவலகத் தோழி வந்தாள்.

இந்தச் சட்டத்தின்படி நடக்கும் கல்யாணத்துக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். உங்களை யாராவது கூப்பிட்டால், தயவுசெய்து போய்க் கையெழுத்துப் போடுங்கள்.