யூரியா மூட்டையைக் குறைக்கும் முன்...

இந்தப் போகமே யூரியாவை அடியோடு நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே? (மன்னார்குடி வாசகர்)

வேண்டாம். 2021 மே மாதம் இலங்கையில் ரசாயன உர இறக்குமதியை ஒரே மூச்சில் தடுத்தார்கள். நவம்பரில் தடையை விலக்கிய பிறகும் அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் சரிந்தது. பழகிய மண்ணுக்கு அவகாசம் தேவை. மண் பரிசோதனை செய்து, முதலில் கால் பங்கு குறையுங்கள். மிச்சத்தை விளைச்சலைப் பார்த்து முடிவு செய்யலாம்.

ஜீவாமிர்தம் ஊற்றினால் வேறு உரமே வேண்டாம் என்கிறார்களே?

கணக்குப் போடுவோம். 200 லிட்டருக்குச் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், பயறு மாவு 2 கிலோ. இவற்றில் இருக்கும் தழைச்சத்து எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய கால் கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையிலோ 20 கிலோவுக்கு மேல். ஜீவாமிர்தம் நுண்ணுயிரைப் பெருக்க உதவலாம். அவை மட்கவைக்கத் தழையும் எருவும் நிலத்தில் இருக்க வேண்டுமே!

அந்தத் தழைக்கு எங்கே போவது? (பேராவூரணி வாசகி)

வயலிலேயே வளர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள். 40, 45 நாளில், பூவெடுக்கத் தொடங்கும்போது மடக்கி உழுங்கள். இன்னும் வளரட்டும் என்று விட்டால் தண்டு நாராகி மட்க மறுக்கும். உழுவதற்கு முன் ஒரு செடியை மண்வெட்டியால் தோண்டி எடுங்கள்; பிடுங்கினால் வேர்முடிச்சுகள் மண்ணோடு தங்கிவிடும். முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஒரு புரதம் தரும் நிறம் அது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், அடுத்த முறை விதையில் ரைசோபியம் நுண்ணுயிர் உரம் கலந்து விதையுங்கள். எனக்கு அந்தச் சிவப்பைப் பார்ப்பதில் இன்றும் அலுப்பு வந்ததில்லை.

நடவுக்குப் பின் யூரியா எப்போது போடுவது? பக்கத்து வயல்காரர் போடும்போதா?

உங்கள் பயிர் கேட்கும்போது! இலை வண்ண அட்டையை வாங்கி, வாரம் ஒருமுறை பத்துச் செடிகளில் முழுதாக விரிந்த மேல் இலையை, உங்கள் நிழலில் வைத்து ஒப்பிடுங்கள். ஆறு இலைகளாவது அட்டையின் 4-ஆம் எண் நிறத்துக்குக் கீழே இருந்தால் போடுங்கள். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3-ஆம் எண்ணே அளவு.

வைக்கோலுக்கு நல்ல விலை வருகிறது. விற்கலாமா?

விற்கிறவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நெற்பயிர் எடுத்த சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. தழைச்சத்தைப் போல இதைக் காற்றிலிருந்து பிடிக்க வழியில்லை. பாதியையாவது மாட்டுக்குப் போட்டு, சாணத்தையும் கோமியத்தையும் அதே வயலுக்குக் கொண்டுவாருங்கள்.

மாடு இல்லையே?

கோடையில் ஆட்டுக்கிடை போடச் சொல்லுங்கள். புழுக்கையோடு மூத்திரமும் நேரே மண்ணில் இறங்கும். கிடை நகர்ந்ததும் மறுநாளே மேலோட்டமாக உழுதுவிடுங்கள். வெயில் ஏறினால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும்.