மன்னார்ப் பகுதி முன் சீற்றுகளில் திணைவழு: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பேசாலையில் வாங்கிய கட்டாக் கருவாட்டுப் பொதி ஒன்று, ஏழு கிலோ, காரின் முன் சீற்றில் ஏறியது. மன்னார் வந்து சேரும்வரை 'பெல்ற் போடு' என்று மணி ஓயாமல் அடித்தது. மறுநாள் அதே சீற்றில் மாமி ஏறினா. பெல்ற்றை இழுக்குமுன் கார் உருண்டுவிட்டது. மணி வாயே திறக்கவில்லை. "கருவாட்டுக்கு இருக்கிற மரியாதை எனக்கில்லையோ?" (மாமி, வாய்மொழி). சிக்கலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆகவே விரித்துச் சொல்வோம்.

2. முன்னாய்வுகள்

இப்பொருள் பற்றி எழுதிய எவரையும் காணோம். எனவே எல்லாரையும் மறுக்கும் வாய்ப்பு ஆய்வாளருக்குக் கிட்டியது.

3. கருவி இலக்கணம்

இருப்புணரி என்பது சீற்றின் உறைக்கும் மெத்தைக்கும் இடையே கிடக்கும் மெல்லிய பாய். பாரம் அழுத்தினால் உள்ளிருக்கும் தொடுமுனைகள் கூடும், மின் ஓடும், மணி அடிக்கும். ஜப்பானில் ஓடிக் கைமாறி வந்த எங்கள் காரில் உள்ளது இந்த எளிய மரபு. அமெரிக்க மரபு கடினமானது. முன் சீற்றில் இருப்பவர் பிள்ளையா, வளர்ந்தவரா என்று அறிந்து எயார்பாக்கை அடக்கவோ மெதுவாக விரிக்கவோ வேண்டும் என்ற விதி, அங்கே 2004 மாதிரிக் கார்களிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதற்காகச் சிலர் சீற்றின் கால்களில் எடைமானி வைத்தனர். சிலர் மெத்தைக்கு அடியில் திரவம் நிறைந்த பை வைத்தனர்.

4. ஏழு வழுக்கள்

இலக்கணிகள் வழுவை ஏழாக வகுத்தனர். கார் பிறகுதான் வந்தது; ஆயினும் ஒன்று தவிர எல்லாம் பொருந்துகின்றன.

பால்வழு: இல்லை. உணரிக்கு ஆண்பால் பெண்பால் தெரியாது.

இடவழு: எங்கள் காரின் பின் சீற்றில் பாய் கிடையாது. அங்கே ஏறும் எவரும் எதுவும் இல்பொருள்.

காலவழு: ஆள் இறங்கி, கதவு சாத்திய பின்னும் மணி அடித்தல்.

வினாவழு: "சீற்றை மாத்துவமா, காரையே மாத்துவமா, அண்ணன்?" (முதலாவது கராஜ், 2020 முதல் 2025 தொடக்கம் வரை கார் இறக்குமதியே தடைப்பட்டிருந்த நாட்டில்).

விடைவழு: "மணியின்ர வயரை வெட்டிவிட்டாச் சரி" (இரண்டாவது கராஜ், வெற்றிலை வாயுடன்).

மரபுவழு: பெல்ற்றின் நாக்கை மட்டும் தனியே வாங்கிச் செருகி மணியை ஏமாற்றுதல். பெருவழக்கு; எனினும் உயிர் போகும் வழக்கு.

திணைவழு: தனி இயல் வேண்டும்.

5. திணையியல்

தொல்காப்பியச் சொல்லதிகாரம் வாயைத் திறந்ததும் சொல்லுலகை இரண்டாகப் பிரிக்கிறது: உயர்திணை, அஃறிணை. உணரியும் அவ்வாறே பிரிக்கிறது. தொல்காப்பியர் மக்களா என்று பார்த்தார். இது பாரமா என்று பார்க்கிறது. ஆகவே 'கருவாடு வந்தார்' என்பது உணரியின் இலக்கணப்படி வழாநிலை.

இதைவிட வியப்பு, பிள்ளைகள் விடயம். அமெரிக்கச் சோதனைப் பொம்மைகளில் ஆறு வயதுப் பிள்ளை ஏறத்தாழ 23 கிலோ. சிறிய உருவப் பெண் ஏறத்தாழ 49 கிலோ. பெண் ஏறினால் எயார்பாக் விழித்திருக்கும். பிள்ளை ஏறினால் பல கார்களில் அது உறங்கும். அதாவது கருவி பிள்ளையை ஆளாகக் கொள்வதில்லை. நாமும் 'குழந்தை அழுதது' என்றுதானே எழுதுகிறோம்? எனவே அமெரிக்கப் பொறியியல் தமிழ் இலக்கணத்தின் வயிற்றில் பிறந்தது என்று துணியலாம். இதைவிடக் குறைந்த சான்றுக்கு நிறைந்த கைதட்டல் கிடைத்ததை மாநாட்டு மலர்களைப் புரட்டியவர்கள் அறிவர்.

மாமி 23க்கு அருகிலா, 49க்கு அருகிலா? ஆய்வாளர் எடை கேட்டார். "உனக்கு வேற வேலை இல்லையோ?" (மாமி, வாய்மொழி, மன்னார்ப் பாலத்தின் நடுப்பகுதி, கண்ணாடி இறக்கிய நிலையில், சோளகம் அடிக்க, மறுபதிப்பு, அன்றிரவு, குசினி, திருத்தி விரித்த பதிப்பு, என் மனைவியின் வாயால், ஆய்வாளரின் முழுப் பரம்பரை பற்றிய பின்னிணைப்புடன்).

சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் மூவரும் உரை எழுதினர். மாமியைப் பற்றி மூவரும் மௌனம். அந்த மௌனத்துக்கு மூன்று பொருள் கொள்ளலாம். மூன்று கட்டுரை எழுதலாம். பதவி உயர்வுக்கு மூன்றும் எண்ணப்படும். நான்காவதாக ஒன்றில் முதல் மூன்றையும் மறுக்கலாம். தவறு தெரியவந்தால் வழுவமைதி என்க. மாணவன் செய்தால் மட்டும் அது வழு.

மன்னார் வீதிகளில் படுத்திருக்கும் கழுதைகள் உணரி ஏதுமின்றியே கார்களை நிறுத்துகின்றன. அவை ஆய்வெல்லைக்கு அப்பால்.

6. களப்பணி

மூன்றாவது கராஜில் ஒரு தம்பி. பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுத்தான். சீற்றைப் பின்னே தள்ளி, குனிந்து, தலையைக் கீழே விட்டான். மஞ்சள் சொக்கெற்றைத் தொடவில்லை: அது எயார்பாக்கின் வழி, சாதாரண மீற்றரை வைத்து அதில் ஓம் அளக்கப்போனால் பை வெடித்து விரியக்கூடும். பக்கத்தில் பாயிலிருந்து வரும் சொக்கெற்றைப் பிரித்தான். செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு. காயக் குறைந்த கருவாடு பல தடவை பயணம் செய்து வடித்த உப்புத் தண்ணியின் வேலை. களிம்பு மின்னை மறித்தபோது மாமி அஃறிணையானா. உப்பீரம், இல்லாத தொடுப்பை உண்டாக்கியபோது வெறும் சீற்றுக்கு மணி அடித்தது. கருவாட்டுக்கு அடித்ததோ வழுவே அல்ல; ஏழு கிலோ பாரத்துக்கு அடிப்பது பாயின் கடமை.

செம்பும் களிம்பும் என்பது சைவ சித்தாந்தம் உயிருக்கும் ஆணவத்துக்கும் காட்டும் உவமை. திருக்கேதீச்சரம் இருக்கும் மாவட்டத்தில் அதைக் கண்ணாரக் கண்ட ஆய்வாளர், விளக்க வாயெடுத்தார். "அண்ணன், அந்தத் துணியை எடுங்க" என்றான் தம்பி.

7. முடிவுரை

முனைகளைத் துடைத்து, காயவிட்டுப் பூட்டினான். இருபது நிமிடம். இவ்வாய்வுக்கு மூன்று வாரம். ஆள் ஏறினால் மணி அடிக்கிறது, பெல்ற் போட்டால் நிற்கிறது. கருவாடு இப்போது டிக்கியில், பொலித்தீன் விரித்து. மாமியின் உயர்திணை மீட்கப்பட்ட செய்தி முறைப்படி அறிவிக்கப்பட்டது. அவ இன்னும் பின் சீற்றில்தான் இருக்கிறா.